‘இன் ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’: விட்டு விட்டு என்றால் போதுமா?

மாணவருக்குத் தெரியாத சொல்லை விட, தெரிந்ததாக அவர் நினைக்கும் சொல்தான் மரபுத்தொடர்களில் அதிகத் தொல்லை தருகிறது. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தெரிந்த சொல் என்றால் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். ‘த ஒர்க் புராகிரஸ்டு இன் ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ என்ற தொடரை ஒன்பதாம் வகுப்பில் தமிழாக்கக் கொடுத்துப் பாருங்கள். ‘வேலை வலிப்புடன் தொடங்கி முன்னேறியது’, ‘வேலை பொருத்தமாகத் தொடங்கி நடந்தது’ என்ற இரு வகை விடைகளும் வரும். இரண்டையும் நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘ஃபிட்ஸ்’ அவர் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொல். ‘ஸ்டார்ட்’ வண்டி கிளம்பும்போதெல்லாம் கேட்கும் சொல்.

இந்தத் தொடருக்கு நம் கையேடுகள் பெரும்பாலும் ‘விட்டு விட்டு’ என்றோ ‘அவ்வப்போது’ என்றோ பொருள் தருகின்றன. தவறில்லை. ஆனால் ‘ஆஃப் அண்ட் ஆன்’, ‘நவ் அண்ட் தென்’, ‘ஃபிரம் டைம் டு டைம்’ ஆகியவற்றுக்கும் அதே பொருளைத்தான் தருகிறோம். நான்கு தொடருக்கும் ஒரே பொருள் என்றால் நான்கு எதற்கு என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வோம்? அந்தக் கேள்விக்கான விடைதான் இக்கட்டுரை.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஃபிட்’ என்பது இங்கே உடற்தகுதியும் அல்ல, தையற்காரர் சொல்லும் ‘ஃபிட்டிங்’கும் அல்ல. நோய் திடீரெனத் தாக்கி, சிறிது நேரம் ஆட்டிவைத்து, அடங்கும் நிலையைக் குறிக்கும் பழைய சொல். வலிப்புக்கு மட்டும் உரியது என்றில்லை. குளிர்காய்ச்சல் வந்து உடலைத் தூக்கிப் போடுவதையும் அப்படித்தான் சொன்னார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், ஸ்பெயினில் சீசருக்குக் காய்ச்சல் கண்டு உடல் நடுங்கியதைக் காசியஸ் புரூட்டஸிடம் ஏளனமாகச் சொல்கிறார். அங்கே வரும் சொல் ‘ஃபிட்’. அதே காட்சியில் சற்றுப் பின்னால் சீசருக்கு வலிப்பு நோய் இருந்தது பற்றியும் பேச்சு வருகிறது. அதற்கு அவர்கள் ‘விழும் நோய்’ என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலில், ஒளிக்கதிர் ஒரு பரப்பில் சில வேளை எதிரொளிப்பதையும் சில வேளை ஊடுருவிச் செல்வதையும் விளக்க இதே ‘ஃபிட்ஸ்’ என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் வருவதும் விடுவதும் போல ஒளிக்கும் மாறி மாறி ஒரு நிலை வந்து போகிறது என்று கொள்ளலாம். சோப்புக் குமிழியின் வண்ண வளையங்களைப் பற்றிப் பேசும் பாடத்தில் இதைச் சொன்னால், ஆங்கிலப் பாடவேளைக்கும் அறிவியல் பாடவேளைக்கும் இடையில் ஒரு கதவு திறக்கும்.

அடுத்தது ‘ஸ்டார்ட்’. இதற்குத் ‘தொடக்கம்’ என்ற பொருள் பிற்பாடு வலுப்பெற்றது. பழைய பொருள் துள்ளல், திடுக்கிடல். குதிரை நிழலைக் கண்டு மிரண்டு ஒரு துள்ளு துள்ளுமே, அதுதான் ‘ஸ்டார்ட்’. ‘ஸ்டார்ட்டில்’ என்றால் திடுக்கிடச் செய்தல் என்பது மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தெரியும். அது இதன் பிள்ளைச் சொல். ‘மக்பெத்’ நாடகத்தில் சூனியக்காரிகளின் வாழ்த்தைக் கேட்டு மக்பெத் திடுக்கிடுவதைப் பாங்கோ கவனித்துக் கேட்பதும் இந்தச் சொல்லால்தான்.

ஆகவே ‘ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ என்றால் தாக்குதலும் துள்ளலும். சுமார் நானூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இணைந்தே நடக்கும் சோடி. ‘இன்’, ‘பை’ இரண்டில் எதையும் முன்னால் போடலாம். இன்று ‘இன்’ அதிகம் காணப்படுகிறது. இரு சொற்களும் எப்போதும் பன்மையில்தான் வரும். வரிசை மாறாது. ‘ஸ்டார்ட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. (‘ஆஃப் அண்ட் ஆன்’ அப்படியல்ல. ‘ஆன் அண்ட் ஆஃப்’ என்றும் திருப்பிச் சொல்லலாம்.)

பொருள் விளக்கத்துக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு தெருக்குழாய். தண்ணீர் திறந்துவிட்ட முதல் ஐந்து நிமிடம் குழாய் என்ன செய்யும்? ‘புஸ்’ என்று காற்று வரும். ஒரு குடம் நிறையும் வேகத்தில் தண்ணீர் பீய்ச்சும். சட்டென்று நிற்கும். இருமும். மறுபடி பீய்ச்சும். எப்போது நிற்கும், எப்போது பாயும் என்று குடம் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் குடம் நிறைந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ‘இன் ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ பெரும்பாலும் முன்னேறும் ஒன்றைப் பற்றியே பேசுகிறது. கட்டட வேலை, பேச்சுவார்த்தை, போக்குவரத்து நெரிசலில் பேருந்து, புதிதாகக் கற்கும் ஒரு கலை இவையெல்லாம் அப்படி நகர்பவை. ஓட்டம் சீராக இல்லை, ஆனால் ஓட்டம் இருக்கிறது. பழுதான வண்டி வெட்டி வெட்டிப் போகிறது என்று தமிழில் சொல்வோமே, ஏறக்குறைய அந்தச் சாயல்.

‘ஆஃப் அண்ட் ஆன்’ வேறு. அது முன்னேற்றத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஒரு செயல் நடக்கிறது, நிற்கிறது, மறுபடி நடக்கிறது. இதற்குச் சரியான தமிழ் நம்மிடம் பழுத்துக் கிடக்கிறது: ‘மழை விட்டு விட்டுப் பெய்தது.’ தமிழ், இடைவெளியைப் பெயராக்கிக்கொண்டது. ஆங்கிலம், நிற்பதையும் நடப்பதையும் இரண்டையும் சொல்லிவிட்டது. மாணவர்கள் இதைக் கேட்டதும் மின்விசிறி ஸ்விட்சைத்தான் நினைப்பார்கள். நினைவில் வைக்க அது உதவும் என்றால் தடுக்க வேண்டாம். ஆனால் மின்சார ஸ்விட்சு பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்தத் தொடர் பிறந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். பாய்மரக் கப்பல் கரையை நெருங்கிவிடாமலும், கரையை விட்டு அகன்றுவிடாமலும், கரை நோக்கி ஒரு முறையும் கடல் நோக்கி ஒரு முறையுமாகத் திரும்பித் திரும்பி ஓடிக்கொண்டிருப்பதைக் குறிக்கவும் மாலுமிகள் ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்பார்கள். கடற்கரைப் பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு இந்த எடுத்துக்காட்டு பொருந்தும்.

‘ஆஃப் அண்ட் ஆன்’ தொடருக்கு ஒரு நீண்ட காலப் பின்னணி வேண்டும். ‘ஐந்து வருடமாக நான் விட்டு விட்டு இந்தி படித்து வருகிறேன்’ என்பதுபோல. அதனால்தான் ‘ஹேவ் பீன்’ வரும் காலத்தோடும், ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ போன்ற கால அளவோடும் அது இயல்பாகச் சேர்கிறது. வாக்கியத்தில் அது பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும். ‘சம்டைம்ஸ்’ போல எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நுழைத்தால் ஒட்டாது. எந்த வினையோடு சேரும் என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ‘இது நின்றுவிட்டு மறுபடி தொடங்கக்கூடியதா?’ என்று கேட்க வேண்டும். மழை, வேலை, படிப்பு, தலைவலி, நட்பு ஆகியவை தேறும். ஒருவரைத் தெரிந்திருப்பது, ஒரு ஊரில் பிறந்திருப்பது தேறாது. ‘நாள் விட்டு நாள்’ என்பதும் இங்கே தேறாது. அது சீரான முறை. இங்கே சீர் இருக்கக் கூடாது.

மிக அரிதாக நடப்பதற்கு ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ உண்டு. நாம் ‘அத்தி பூத்தாற்போல்’ என்கிறோம். இதில் எனக்கு ஒரு வேடிக்கை. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவைப் ‘புளூ மூன்’ என்று இன்று பலரும் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில், சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மறுவாரம், அப்படி ஒன்று வந்தது. 19 ஆண்டுகளில் சுமார் 7 முறை அது வந்துவிடும். நாள் குறித்தே சொல்லிவிடலாம். அத்தியோ அரிதாகப் பூப்பதே இல்லை. நாம் காய் என்று நினைப்பதற்குள்ளே நூற்றுக்கணக்கான பூக்கள் ஒளிந்திருக்கின்றன. வெளியில் தெரியாததால் பூக்கவில்லை என்று எண்ணிவிட்டோம். ஆங்கிலேயரின் அரிது கணக்கில் அடங்குவது, நம்முடைய அரிது கண்ணுக்குப் படாதது. அது போகட்டும்.

நான்கையும் கரும்பலகையில் கோடுகளாக வரைந்து காட்டினால் விளக்கமே தேவைப்படாது. இடமிருந்து வலமாக ஒரு நீண்ட கோடு காலம். ‘நவ் அண்ட் தென்’னுக்கு அதன்மேல் ஆங்காங்கே புள்ளிகள். ‘ஆஃப் அண்ட் ஆன்’னுக்கு நீளமும் குட்டையுமான துண்டுக் கோடுகள். ‘புளூ மூன்’ என்றால் பலகையின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. ‘ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ மட்டும் மேல்நோக்கிப் போகும் கோணல்மாணல் படிக்கட்டு. சில படி உயரம், சில படி நீளம், சில இடத்தில் சறுக்கல். பிறகு சூழ்நிலைகளைச் சொல்லுங்கள், எந்தப் படம் என்று அவர்கள் விரல் நீட்டட்டும். ஆறாம் வகுப்பிலேயே இது நடக்கிறது.

இப்பாடத்தில் கவனம் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. ‘மிஸ், ஃபிட்ஸ்னா காக்கா வலிப்புதானே?’ என்று ஒரு மாணவன் கேட்பான், வகுப்பு சிரிக்கும். அந்த வகுப்பில் வலிப்பு நோயுள்ள ஒரு பிள்ளை இருந்தால், சிரித்த முகங்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். கேள்வியை அடக்கிவிடுவதை விட, ‘ஆமாம்பா, அந்தச் சொல்தான்’ என்று நேராக ஏற்றுக்கொண்டு இரண்டு நிமிடம் அதைப் பற்றியே பேசிவிடுவது நல்லது என்பது என் கருத்து. மூளையில் மின்சைகைகள் சிறிது நேரம் தாறுமாறாகிப் போவதால் வருவது, தொற்றாது, மருந்தால் பெரும்பாலானோருக்குக் கட்டுக்குள் இருக்கும். வலிப்பு வந்தால் சுற்றியுள்ள மேசை, பெஞ்சை நகர்த்த வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், காலர் பொத்தானைத் தளர்த்த வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. சாவிக்கொத்தும் இரும்பும் கையில் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. தானே அடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அல்லது தெளிவு வராமலே மறுபடி வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். ஓர் ஆங்கில மரபுத்தொடரை நடத்தப் போய் இதைச் சொல்வது பாடத்தை விட்டு விலகுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் நோயாளிகள் இருக்கும் இடத்தில் இப்போது ‘ஃபிட்ஸ்’ என்பதைவிட ‘சீஷர்’ என்ற சொல்லையே விரும்புகிறார்கள் என்பதையும் மாணவர் அறியட்டும்.

இன்னொரு கண்ணி: ‘த கிளாஸ் வாஸ் இன் ஃபிட்ஸ்’. இங்கே வலிப்பும் இல்லை, விட்டு விட்டும் இல்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது என்று பொருள். ‘அண்ட் ஸ்டார்ட்ஸ்’ ஒட்டாவிட்டால் பொருளே மாறிவிடும்.

இந்த வேறுபாடுகள் மாணவருக்கு எழுதும்போது உதவும். நமக்கு அதைவிட அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். மாணவர் பற்றிய குறிப்பேட்டில் ‘ஒழுங்கற்ற’ என்ற ஒரே சொல்லால் எத்தனை பிள்ளைகளை எழுதிவிடுகிறோம்! பருத்தி எடுக்கும் காலத்தில் வராமல் மற்ற நாளில் வரும் பிள்ளை ‘ஆஃப் அண்ட் ஆன்’. அதற்கு வேண்டியது விடுபட்ட பாடங்களின் பட்டியலும், அந்தக் காலத்துக்கு முன்கூட்டியே வீட்டாரிடம் ஒரு பேச்சும். பருவத்துக்கு ஒரு முறை தலைகாட்டும் பிள்ளை ‘புளூ மூன்’. அங்கே பாடப் பட்டியல் போதாது, வீட்டுக்கே போக வேண்டும். தினமும் வந்து, இரண்டு மாதம் எதுவும் ஏறாமல் உட்கார்ந்திருந்து, திடீரென ஒரே வாரத்தில் கூட்டெழுத்துகளை வாசிக்கும் பிள்ளைதான் ‘ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’. அங்கே குறை எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கற்றல் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ‘வென்ட்’ என்று சரியாக எழுதிவந்த பிள்ளை, இரண்டு மாதம் கழித்து ‘கோட்’ என்று, ‘கோ’வோடு ‘எட்’ சேர்த்து எழுதத் தொடங்கும். மறந்துவிட்டது, பின்தங்குகிறது என்று சிவப்பு மையில் சுழிக்கிறோம். உண்மையில் முதலில் அந்தப் பிள்ளை ‘வென்ட்’டை ஒரு தனிச் சொல்லாக மனப்பாடம் செய்திருந்தது. இப்போது இறந்தகாலத்துக்கு ‘எட்’ என்ற விதியைத் தானே கண்டுபிடித்து, கண்ட இடத்திலெல்லாம் போட்டுப் பார்க்கிறது. விதியும் விதிவிலக்கும் சேர்ந்து அமர்ந்தபின் ‘வென்ட்’ திரும்ப வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளிடமும் இதே ஏற்றமும் இறக்கமும் உண்டு என்று மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறங்கிய கோட்டின் அடிப்பகுதியில் நின்று மதிப்பெண் போட்டால் அது சறுக்கல். முழுக் கோட்டையும் பார்த்தால் படிக்கட்டு. கூட்டல், கழித்தலில் குழந்தைகள் கையாளும் உத்திகளை ஆராய்ந்த ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரும் அலைகள் போன்றவை என்றார். விரல் விட்டு எண்ணும் பழைய அலை முழுதாக வடிவதற்குள் மனக்கணக்கு என்ற புதிய அலை எழுகிறது. ஆகவே நேற்று மனத்தில் கூட்டிய பிள்ளை இன்று விரலை எடுத்தால் வியப்பில்லை.

விட்டு விட்டுப் படிப்பதே கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்விலேயே, ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதை விட நாள்களுக்கிடையே பகிர்ந்து படிப்பது குறைந்த முயற்சியில் நினைவில் நிற்கிறது என்று காட்டினார். திங்களன்று நடத்திய ஐந்து மரபுத்தொடர்களை வியாழனன்றும், அடுத்த வாரமும், மாதக் கடைசியிலும் இரண்டிரண்டு நிமிடம் தொட்டுப் போகலாம்.

சொல்லாக்கம் நடத்துவோருக்கு ஒரு கூடுதல் வரவு: ‘ஃபிட்ஃபுல்’ என்ற பெயரடை. ‘ஃபிட்ஃபுல் ஸ்லீப்’ என்றால் விழிப்பதும் உறங்குவதுமாகக் கழிந்த இரவு. ‘மக்பெத்’தில் இச்சொல் காய்ச்சலோடு சேர்ந்தே வருகிறது. பழைய பொருளின் மணம் அதில் இன்னும் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவைப் பற்றி எழுதச் சொன்னால் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இச்சொல் உடனே பிடித்துப்போகும்.

வகுப்பில் இத்தொடர்களை நடத்தி முடித்ததும், வீட்டைச் சுற்றி நடப்பவற்றிலிருந்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதிவரச் சொல்வேன். குழாய், மழை, கைப்பேசி சிக்னல், ஊருக்குள் வரும் ஒற்றைப் பேருந்து என்று வரும். ஒருமுறை எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, தன் அம்மாவின் நூறு நாள் வேலையைப் பற்றி எழுதிவந்தாள். அம்மாவுக்கு வேலை ‘ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ என்று கிடைப்பதாக அவள் எழுதியிருந்தாள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, ‘அது ஆஃப் அண்ட் ஆன் மிஸ், வேலை கிடைக்குது, நின்னுபோகுது, மறுபடி கிடைக்குது, அவ்ளோதானே’ என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கால் மணி நேரம் வாதாடியது. கடைசியில் அவளே கரும்பலகைக்கு வந்து, துண்டுக் கோடுகளை வரைந்து அதன் பக்கத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள். அதற்கு மேலே கோணல் படிக்கட்டை வரைந்து, அதன் பக்கத்தில் ‘ஏரிக்கரை’ என்று எழுதினாள்.

அம்மாவுக்கு வேலை விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆனால் ஏரிக்கரை வெட்டி வெட்டியாவது உயர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே வேலைதான், யாரை எழுவாயாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தொடர் மாறுகிறது. இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.